மூண்டு மாசம் போதும் எண்டு ஆர் சொன்னது?

இந்த மாசம் வந்த கடிதங்களில பாதிக்கு மேல கீமோவைப் பற்றித்தான். எல்லாத்துக்கும் எழுத இடம் காணாது, அதனால ஆறு கடிதத்தை எடுத்திருக்கிறன், பேரை விட்டிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறன். நான் கென்சர் வார்டில கனகாலம் தாதியா நிண்டு பென்ஷன் எடுத்தவள், டொக்டர் இல்லை. அதனால உங்கட மருந்தைக் கூட்டச் சொல்லவோ குறைக்கச் சொல்லவோ மாட்டன். எதை எப்பிடிக் கேக்கோணும், அந்தக் கணக்கெல்லாம் எங்கயிருந்து வந்தது எண்டதை மட்டும் சொல்லித் தாறன்.

அக்கா, எங்கட அப்பாக்கு 58 வயசு, வலை தைக்கிறவர். பெருங்குடலில கென்சர் எண்டு ஒப்பரேஷன் செய்து இப்ப மூண்டு கிழமைக்கு ஒருக்கா மருந்து ஏத்தினம், பிறகு 14 நாள் குளிசை. முதல் ஆறு மாசம் எண்டுதான் கதைச்சவை. இப்ப நாலு தரம் ஏத்தி முடிய டொக்டர் போதும் எண்டுறார். மருந்து இல்லாதபடியால எங்களை ஏய்க்கினமோ எண்டு அம்மா ஒரே அழுகை. (திருக்கடலூர்)

தங்கச்சி, அம்மாட பயம் விளங்குது. 2022 இல மருந்துக்குத் தட்டுப்பாடு வந்து நாங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, டொக்டர் ஒண்டைக் குறைச்சாலே எங்கட சனத்துக்கு மனசு பக்கெண்டும். ஆனா நீங்கள் எழுதினதைப் பாத்தா இது தட்டுப்பாட்டுக் கதை மாதிரித் தெரியேல்லை.

முதல் ஒரு கேள்வி, அப்பாட விரல் எப்பிடி? ஐஸ்பெட்டியில கை வைக்கக் கரண்ட் அடிச்ச மாதிரித் துள்ளுறாரா, பச்சைத்தண்ணி குடிக்கத் தொண்டை இறுக்குதா, வலை ஊசியில நூல் கோர்க்க முந்தி எடுத்ததை விடக் கூட நேரம் எடுக்குதா? ஏன் கேக்கிறன் எண்டா, உங்கட அப்பாக்கு ஏத்துற அந்த மருந்து பெரும்பாலும் ஒக்ஸாலிபிளாட்டினாத்தான் இருக்கும், அதின்ட பெரிய கரைச்சல் நரம்புதான். குளிர் பட்டா வாற துள்ளல் சில நாளில போயிடும், ஆனா ஏத்த ஏத்த விறைப்பு சேர்ந்துகொண்டே போகும், சில பேருக்கு மருந்து முடிஞ்சு வருஷக்கணக்கா நிக்கும். என்ட வார்டில ஒரு தையல்காரர் இருந்தவர், கடைசிச் சுத்து முடிஞ்சு ஒரு வருஷத்துக்குப் பிறகும் தன்ட சேட்டுப் பட்டனைத் தானே போட ஏலாது, மனுசிதான் போட்டுவிடும். அவருக்கு கென்சர் திரும்பி வரேல்லை, ஆனா தையல் மெஷின் வித்தாச்சு.

இப்ப அந்த ஆறு மாசம் எங்கயிருந்து வந்தது எண்டு பாப்பம். ஒப்பரேஷனுக்குப் பிறகு ஃபைவ் எஃப்யூ எண்ட பழைய மருந்தோட ஒக்ஸாலிபிளாட்டினையும் சேர்த்தா கூடப் பலன் வருமோ எண்டு மொசைக் எண்டொரு பெரிய ட்ரயல் (நோயாளிகளை ரெண்டாப் பிரிச்சு மருந்தை ஒப்பிட்டுப் பாக்கிற ஆராய்ச்சி) நடந்து 2004 இல முடிவு வந்தது. 2246 பேர், பழைய மருந்து மட்டும் எடுத்தவையில மூண்டு வருஷம் முடிய கென்சர் திரும்பாமல் இருந்தது 100 க்கு 73 பேர், ரெண்டும் சேர்த்து எடுத்தவையில 78 பேர். அந்த ட்ரயலில மருந்து குடுத்தது ஆறு மாசம், அதனால உலகம் முழுக்க ஆறு மாசம் எண்டு நிலைச்சிட்டுது. மூண்டு மாசம் குடுத்தா காணாதோ எண்டு அதுக்குள்ள ஒருத்தரும் ஒப்பிட்டுப் பாக்கேல்லை, அது கேட்ட கேள்வி வேற.

பிறகு அதைக் கேட்டவை. 12 நாட்டில நடந்த ஆறு ட்ரயலை ஒண்டாச் சேர்த்து, 12,834 நோயாளிகள், எல்லாரும் நிணநீர் முடிச்சு வரைக்கும் பரவின மூண்டாம் நிலைக்காரர். பாதிப் பேருக்கு மூண்டு மாசம், பாதிப் பேருக்கு ஆறு மாசம். ஐடியா எண்டு பேர், 2018 இல வெளிவந்தது. மூண்டு வருஷம் முடிய நோய் இல்லாமல் இருந்தவை, மூண்டு மாசக்காரரில 74.6 வீதம், ஆறு மாசக்காரரில 75.5 வீதம். வித்தியாசம் ஒண்டுக்கும் குறைவு. ஆனா நடுத்தரம் தொடக்கம் கடுமையான நரம்புக் கரைச்சல்? ஆறு மாசக்காரரில 100 க்கு 45 பேருக்கு மேல, மூண்டு மாசக்காரரில 15 பேர் அளவுதான். வலை தைச்சுச் சீவிக்கிற ஒரு மனுசனுக்கு இந்த ரெண்டாவது கணக்கு எவ்வளவு பெரிசு எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒண்டைக் கவனிக்கோணும். இது எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது. கட்டி குடலின்ட வெளி உறையைத் துளைக்காமல் ஒண்டு தொடக்கம் மூண்டு முடிச்சில மட்டும் பரவின ஆக்களுக்கு, அதுவும் அப்பா எடுக்கிற மாதிரி குளிசையோட சேர்ந்த முறையில, மூண்டு மாசம் நல்லாப் போதும். கட்டி அந்த உறையைத் துளைச்சு வெளியில வந்திருந்தா, இல்லாட்டி நாலு முடிச்சோ அதுக்கு மேலயோ இருந்தா சில டொக்டர்மார் ஆறு மாசமே போவினம். அதனால அடுத்த கிளினிக்கில அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் இப்பிடிக் கேளுங்கோ: "டொக்டர், வெட்டி எடுத்த கட்டியைப் பரிசோதிச்ச பெத்தோலொஜி ரிப்போட்டில அப்பாக்கு எத்தனை முடிச்சு, கட்டி எவ்வளவு ஆழம், அதை வைச்சுத்தான் மூண்டு மாசம் முடிவெடுத்தீங்களோ?" ஓம் எண்டா அம்மா நிம்மதியா நித்திரை கொள்ளலாம்.

சிஸ்டர், மகனுக்கு அஞ்சு வயசு, ரெத்தப் புற்றுநோய், ஏஎல்எல் எண்டு சொன்னவை. மகரகமை கென்சர் ஆஸ்பத்திரியில கனநாள் நிண்டு இப்ப வீட்டில. ஓடித்திரியிறான், ரெத்தம் நல்லா இருக்கு எண்டினம். பிறகும் ஒவ்வொரு நாளும் ஒரு குளிசை, கிழமைக்கு ஒருக்கா இன்னொரு குளிசை, இன்னும் ஒண்டரை வருஷம் குடுக்கோணுமாம். மாமி பிள்ளை பாவம் நிப்பாட்டு எண்டுறா. மெலிஞ்சு போனான் எண்டு நான் விற்றமின் சிரப்பும் குடுக்கிறன். (உப்புவெளி)

மகள், முதல் அந்தச் சிரப் போத்தலைக் கையில எடுங்கோ. பின்பக்கத்தில ஃபோலிக் அசிட் எண்டு எழுதியிருக்கா? இருந்தா டொக்டரிட்டக் காட்டும் வரைக்கும் இனிக் குடுக்காதேங்கோ. கிழமைக்கு ஒருக்காக் குடுக்கிற குளிசை மெதொட்ரெக்ஸேட்டாத்தான் இருக்கும், அது வேலை செய்யிறதே ஃபோலிக் அசிட்டைத் தடுத்துத்தான். நீங்கள் ஒரு கையால மருந்து குடுத்து மறு கையால அதைப் பறிக்கிற மாதிரி ஆகிடும். உங்களைப் பேசேல்லை, பிள்ளை மெலிஞ்சா எந்தத் தாயும் செய்யிறதுதான்.

இந்த மருந்து பிறந்த கதை எங்கட வீட்டு மாமைட் போத்தலில தொடங்குது. 1928 க்குப் பிறகு லூசி வில்ஸ் எண்ட இங்கிலாந்து டொக்டர் பம்பாயில மில்லில வேலை செய்த கர்ப்பிணிப் பெண்களுக்கு வாற ஒரு மோசமான ரெத்தச்சோகையை ஆராய்ஞ்சு, மாமைட் குடுத்தா அது சுகமாகுது எண்டு கண்டுபிடிச்சவ. அதுக்குள்ள இருந்த சாமான்தான் பிறகு ஃபோலிக் அசிட் எண்டு பேர் எடுத்தது, ரெத்தக்கலம் பெருக அது வேணும். அப்ப ரெத்தப் புற்றுநோய்க் கலத்துக்கும் அது வேணும்தானே? பொஸ்டனில சிட்னி ஃபார்பர் எண்ட டொக்டர் அதின்ட எதிர்மருந்தைப் பிள்ளைகளுக்குக் குடுத்துப் பாத்தார். அந்த எதிர்மருந்தைச் செய்து குடுத்த குழுவுக்குத் தலைவர் மெட்ராஸ் மெடிக்கல் கொலிஜில படிச்ச எல்லாப்பிரகட சுப்பாராவ், ஆந்திராக்காரர். 1948 இல ஃபார்பர் எழுதினது: 16 பிள்ளைகள், அதில 10 பேருக்கு நோய் அடங்கிச்சு. ஆனா கொஞ்ச மாசத்தில எல்லாருக்கும் திரும்பி வந்திட்டுது.

உங்கட மாமிக்கு நீங்கள் சொல்லவேண்டியது இந்தத் "திரும்பி வந்திட்டுது" எண்டதைத்தான். ரெத்தத்தில ஒண்டும் தெரியேல்லை எண்டா நோய் போயிட்டுது எண்டு அர்த்தமில்லை, எலும்பு மச்சைக்குள்ள, மூளையைச் சுத்தின நீருக்குள்ள கொஞ்சம் ஒளிச்சுக் கிடக்கும். 1960களில அமெரிக்காவில டொனால்ட் பிங்கெல் எண்ட டொக்டர் நாலைஞ்சு மருந்தைச் சேர்த்து, மூளைக்கும் தனியா வைத்தியம் செய்து, பிறகு வருஷக்கணக்கா மெல்லிய டோஸில குளிசை குடுத்துக் கொண்டுபோனார். அப்பதான் முதல் முதல் பாதிப் பிள்ளைகள் தப்பினது. இண்டைக்கு நல்ல வசதியுள்ள நாடுகளில 100 க்கு 90 பிள்ளைகள் அளவில தப்புது. உங்கட மகன் ஒவ்வொரு நாளும் எடுக்கிறது மேர்கப்டோபூரினா இருக்கும், அதைச் செய்தவை கேர்ட்ரூட் எலியனும் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸும், 1988 இல நோபல் பரிசு வாங்கினவை. அந்தக் குளிசையை 100 நாளில 5 நாளுக்கு மேல தவறவிட்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பிற ஆபத்துக் கூட எண்டும் ஆராய்ச்சியில கண்டவை. சுவரில ஒரு கலண்டரைத் தொங்கவிட்டு, குடுத்த உடன ஒரு புள்ளடி போடுங்கோ, பிள்ளையையே போடச் சொல்லுங்கோ, அவனுக்கு அது விளையாட்டு.

எவ்வளவும் கூடக் கூட நல்லம் எண்டும் நினைக்கவேண்டாம். இங்கிலாந்தில யூகே ஆல் 2003 எண்டொரு ட்ரயல். பத்தாயிரத்தில ஒரு கென்சர் கலம் மிஞ்சியிருந்தாலும் பிடிக்கிற டெஸ்ட் ஒண்டு இருக்கு, அதில கிளியராப் போன பிள்ளைகள் 521 பேரைப் பிரிச்சு, பாதிப் பேருக்கு நடுவில வாற கடும் மருந்துச் சுத்து ரெண்டு, மற்றப் பாதிக்கு ஒண்டு மட்டும். அஞ்சு வருஷம் முடியப் பாத்தா ரெண்டு பக்கமும் 100 க்கு 94, 95 எண்டு ஒரே மாதிரி. ஒரு முழுச் சுத்து வேதனையைப் பிள்ளைகளிட்ட இருந்து குறைச்சது ஒரு ட்ரயல்தான், பாவம் பாத்த சொந்தக்காரர் இல்லை. எங்க குறைக்கலாம் எண்டு ஒப்பிட்டுப் பாத்துக் குறைக்கிறது ஒண்டு, நாங்களா வீட்டில நிப்பாட்டுறது வேற.

என்ட சொந்தத் தம்பி ஏழு வயசில இதே நோயில போனவன். அந்த நேரம் எங்கட வீட்டிலயும் "பிள்ளை நல்லாத்தானே இருக்கு" எண்டு குளிசையை நிப்பாட்டினவை. அதுக்கு மேல எழுத எனக்கு ஏலாது.

என்ட வாப்பாக்கு இரைப்பையில கென்சர். உடன வெட்டி எடுக்காமல் முதல் நாலு தரம் மருந்து ஏத்தோணும் எண்டு சொல்றாங்க. அதுக்குள்ள பரவிடாதா ராத்தா? (கிண்ணியா)

தம்பி, வெட்டி எடுத்தாத்தான் நிம்மதி எண்டு எல்லாருக்கும் தோணும். ஆனா இரைப்பையை வெட்டின பிறகு மனுசன் சாப்பிட ஏலாமல், நிறை குறைஞ்சு, கட்டிலோட கிடப்பார், அந்த உடம்புக்கு கீமோ ஏத்திறது லேசில்லை. 2006 இல வந்த மாஜிக் ட்ரயலில 503 பேரில பாதிக்கு முதல் மூண்டு சுத்து, பிறகு ஒப்பரேஷன், பிறகு மூண்டு சுத்து. மற்றப் பாதிக்கு ஒப்பரேஷன் மட்டும். ஆறு சுத்தையும் முழுசா முடிச்சவை பாதிக்கும் குறைவு, ஒப்பரேஷனுக்குப் பிறகுதான் கனபேர் நிண்டுபோனது. அப்பிடியிருந்தும் அஞ்சு வருஷம் முடிய உயிரோட இருந்தவை மருந்துப் பக்கம் 36 வீதம், மற்றப் பக்கம் 23 வீதம். ஒப்பரேஷனுக்கு முதல் ஏத்தினது வீண் போகேல்லை எண்டு அதில தெரிஞ்சுது.

பிறகு ஜெர்மனியில ஃப்ளொட் எண்ட நாலு மருந்துச் சேர்க்கையை மாஜிக்கில குடுத்த மாதிரியான மருந்தோட ஒப்பிட்டவை, 716 பேர். எல்லாரையும் வரிசையில வைச்சு நடுவில நிக்கிற ஆள் எவ்வளவு காலம் உயிரோட இருந்தார் எண்டு பாத்தா பழைய மருந்தில 35 மாசம், ஃப்ளொட்டில 50 மாசம். வாப்பாக்கு ஒப்பரேஷனுக்கு முதல் நாலு தரம் எண்டா இதே முறையாகத்தான் இருக்கும், பிறகும் நாலு வரும். அந்த நேரத்தில வாப்பாட நிறையைக் கிழமைக்கு ஒருக்கா எழுதி வைங்கோ. கஞ்சி, முட்டை, மீன் எண்டு கொஞ்சம் கொஞ்சமா ஆறேழு தரம் குடுங்கோ. விழுங்க ஏலாமல் போனாலோ, சத்தியில ரெத்தம் கண்டாலோ அடுத்த தவணை வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கவேண்டாம்.

அண்ணனுக்கு ரெத்தப் புற்றுநோய். வெளியூர் ஆஸ்பத்திரி ஒண்டில ட்ரயலில சேரச் சொல்லி இங்கிலீசில 14 பக்கப் பேப்பர் குடுத்து நாளைக்கே சைன் வைக்கச் சொல்லிட்டாங்கள். எலிக்குச் செய்யிற மாதிரிச் செய்யப்போறாங்களோ, சும்மா சீனிக் குளிசை தருவாங்களோ எண்டு பயமா இருக்கு. (தம்பலகாமம்)

தம்பி, விளங்காத பாஷையில குடுத்து நாளைக்கு சைன் எண்டது பிழை. நானும் ஒரு காலத்தில ஒரு இடத்தில இதைக் கண்டனான், ஒரு ஐயாக்கு இங்கிலீஸ் பேப்பரை நீட்டி விரலைக் காட்டி "இதில" எண்டு சொல்ல, அவர் கை நடுங்க நடுங்கக் கீறினார். வாய் திறக்காமல் நிண்டதுக்கு இண்டைக்கும் எனக்கு மனசு உறுத்துது. அதனால சொல்லுறன், தமிழில பேப்பர் கேளுங்கோ, வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க நாள் கேளுங்கோ. ரெண்டும் உங்கட உரிமை. தராட்டி சைன் வைக்காதேங்கோ.

ஆனா பயத்தில ட்ரயலையே தள்ளிவிடவும் வேண்டாம். கென்சரில ஒரு நல்ல வைத்தியம் ஏற்கெனவே இருந்தா, அதைக் குடுக்காமல் ஒருத்தரைச் சும்மா சீனிக் குளிசையில விடுறதில்லை. ஒரு பக்கத்துக்கு இப்ப இருக்கிற வைத்தியம், மற்றப் பக்கத்துக்குப் புதுசு, இல்லாட்டி ரெண்டு பக்கத்துக்கும் இருக்கிற வைத்தியத்தைக் குடுத்து அதுக்கு மேலதான் ஒருத்தருக்குப் புது மருந்தும் மற்றவருக்கு வெறும் குளிசையும். எந்தப் பக்கம் எண்டதை டொக்டர் தெரிவு செய்யேலாது, காசு சுண்டின மாதிரிக் கொம்பியூட்டர் பிரிக்கும். டொக்டர் தெரிவு செய்தா தெம்பான ஆக்களையெல்லாம் புது மருந்துப் பக்கம் போட்டிடுவார், பிறகு மருந்து நல்லதா ஆள் நல்லதா எண்டு ஒருக்காலும் தெரியவராது.

இது எத்தினையாம் கட்டம் எண்டு கேளுங்கோ, அது முக்கியம். முதலாம் கட்டம் எண்டா கொஞ்சப் பேரில டோஸ் எவ்வளவு தாங்கும் எண்டு பாக்கிறது, அண்ணனுக்குப் பலன் வரும் எண்டு நம்பிச் சேர ஏலாது. ரெண்டாம் கட்டத்தில நோய் மருந்துக்கு அசையுதோ எண்டு பாப்பினம். மூண்டாம் கட்டம் எண்டா இருக்கிற வைத்தியத்தோட நேருக்கு நேர் ஒப்பிடுறது. எந்த நெறிமுறைக் குழு அனுமதிச்சது, பதிவு இலக்கம் என்ன எண்டும் கேளுங்கோ. இலங்கையில 2006 இல இருந்து மருத்துவச் சங்கம் நடத்துற ட்ரயல் பதிவேடு இருக்கு, உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது, ஆரும் போய்ப் பாக்கலாம். மற்றது காசு. பஸ் செலவு ஆர் தாறது, கூட எடுக்கிற டெஸ்டுக்கு ஆர் கட்டுறது, மருந்தால ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு எண்டு எழுத்தில இருக்கோணும். இடையில விலகினா வழக்கமான வைத்தியத்தை ஒருத்தரும் மறுக்கேலாது, அண்ணனுக்கு அதைக் கட்டாயம் சொல்லி வைங்கோ.

ரெத்தப் புற்றுநோய்க்குப் பாஷாணம் நல்லம், வெள்ளைக்காரனே குடுக்கிறான் எண்டு ஒரு நாட்டு வைத்தியர் சொல்லுறார். உண்மையோ? (நிலாவெளி)

அரைவாசி உண்மை, அந்த அரைவாசிதான் ஆளைக் கொல்லும். ஏபிஎல் எண்ட ஒரே ஒரு வகை ரெத்தப் புற்றுநோய்க்கு ஆர்செனிக் ட்ரையொக்சைட், அதுதான் வெள்ளைப் பாஷாணம், உண்மையாவே அருமையான மருந்து. சீனாவில ஹார்பின் எண்ட ஊர் டொக்டர்மார்தான் 1970களில தொடங்கினது. 2013 இல வந்த ஒரு ட்ரயலில, ஆபத்துக் குறைஞ்ச ஏபிஎல்காரருக்கு விற்றமின் ஏ வகை மருந்தோட ஆர்செனிக்கை மட்டும் குடுத்துக் கீமோவையே விட்டுப் பாத்தவை. ரெண்டு வருஷத்தில நோய் திரும்பாமல், சாவும் இல்லாமல் இருந்தது 97 வீதம், கீமோ எடுத்தவையில 86 வீதம்.

ஆனா அது ஆஸ்பத்திரியில ஊசியால, மில்லிகிராம் கணக்கில, இதயத்துக்கு அடிக்கடி ஈசிஜி எடுத்து, ரெத்தத்தில பொட்டாசியம் பாத்துக் குடுக்கிறது. மற்ற வகை ரெத்தப் புற்றுநோய்க்கு இப்பிடிக் குடுக்கிறதில்லை. உரலில இடிச்சுத் தேனில குழைச்சுத் தாற பாஷாணத்தில எவ்வளவு இருக்கு எண்டு தாறவருக்கும் தெரியாது. வாங்கி வைச்சிருந்தா பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில வைச்சு, அடுத்த கிளினிக்குக்கு அப்பிடியே கொண்டுபோய்க் காட்டுங்கோ.

கீமோ முடிஞ்சு பத்தாம் நாள் அம்மாக்குக் காய்ச்சல். பனடோல் குடுத்துப் பாத்திட்டுக் காலமை கூட்டிக்கொண்டு போகலாமா? (சீனக்குடா)

ஏலாது. இந்தக் கடிதம் தபாலில வந்து என்ட கைக்குக் கிடைக்க நாள் போயிட்டுது, அம்மா சுகமா இருக்கோணும் எண்டு கோணேசரைக் கும்பிட்டுக்கொண்டுதான் எழுதுறன். ஏத்தின மருந்தால ஏழாம் நாளில இருந்து பதினாலாம் நாள் வரைக்கும் அளவில வெள்ளைக்கலம் ஆகக் குறைஞ்சிருக்கும், அந்த நேரத்தில ஒரு சின்னக் கிருமி சில மணித்தியாலத்தில ஆளைச் சாய்ச்சிடும். வீட்டில ஒரு தேமோமீட்டர் வாங்கி வைங்கோ. 38 பாகை செல்சியஸைத் தாண்டினா, இல்லாட்டிக் காய்ச்சலே இல்லாமல் குளிர்ந்து நடுங்கினாலும், பனடோல் போட்டுக் காய்ச்சலை மறைக்காமல், இரவு ரெண்டு மணி எண்டாலும் ஓட்டோ பிடிச்சுக் கிட்ட இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, மருந்து ஏத்தின இடம் தூரம் எண்டு விடியும் வரைக்கும் பாக்கவேண்டாம். கிளினிக் கொப்பியைக் கையில கொண்டுபோங்கோ. லைனில நிக்காமல் வாசலிலயே சத்தமாச் சொல்லுங்கோ: "இவ கீமோ எடுக்கிறவ, இண்டைக்குப் பத்தாம் நாள், காய்ச்சல்."